சிறு செயற்கைக்கோளுக்கு எந்தக் கணினி? காரைக்குடியிலிருந்து ஓர் ஒப்பீடு

பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், முப்பது சென்டிமீட்டர் நீளம், நான்கு கிலோவை ஒட்டிய எடை: இவ்வளவுக்குள் அடங்கும், கியூப்சாட் எனப்படும் சிறு செயற்கைக்கோள் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று காரைக்குடிப் பக்கத்துப் பொறியியல் மாணவர் ஐந்து பேர் ஓராண்டாக முயன்று வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி என் தம்பி மகள். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும்போது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்களில் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்று படமெடுத்துச் சொல்வதுதான் அந்தப் பெட்டிக்கு இட்டிருக்கும் வேலை. படத்தின் ஒரு புள்ளி தரையில் முப்பது மீட்டரைக் குறிக்கும் என்பது அவர்கள் கணக்கு. பெரிய கண்மாய்களின் கரை அதில் நன்றாகவே தெரியும். ஊர் நடுவில் இருக்கும் ஊருணி பத்துப் பதினைந்து புள்ளிகளோடு நின்றுவிடும்.

சோலார் பேனல், ஆன்டெனா, கேமரா எல்லாவற்றிலும் ஒருவாறு உடன்பாட்டுக்கு வந்தவர்கள், உள்ளே வைக்கும் கணினி எது என்பதில் மட்டும் இரண்டு மாதமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். விண்வெளிக்கென்றே செய்யப்பட்ட, கதிர்வீச்சைத் தாங்கும் செயலி வேண்டும் என்றது ஒரு தாள். கைபேசியில் இருப்பது போன்ற சாதாரணச் செயலி போதும் என்றது இன்னொன்று. சாதாரணச் செயலிகளையே மூன்றாக வைத்து, பெரும்பான்மை சொல்லும் விடையை ஏற்கலாம் என்றது மூன்றாவது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு முப்பது ஆண்டு பிழைப்பு நடத்தியவன் என்ற தகுதியில் என்னைக் கேட்டார்கள். அன்று அவர்களுக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு வேறு ஊர்களில் இருக்கும் குழுக்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

தரையில் இருக்கும் கணினி வெப்பத்தாலும் தூசியாலும் மின்வெட்டாலும் கெடும். விண்ணில் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்கிறது. சூரியனிலிருந்தும் அண்டவெளியிலிருந்தும் வரும் ஆற்றல் மிக்க துகள் ஒன்று சிப்பைத் துளைத்துச் செல்லும்போது, நினைவகத்தில் பூஜ்யமாக இருந்த ஒரு பிட் ஒன்றாகவோ, ஒன்றாக இருந்தது பூஜ்யமாகவோ புரண்டுவிடும். சிப்புக்கு எந்தக் காயமும் இருக்காது, கணக்கு மட்டும் தவறிப்போகும். சில வேளைகளில் அதே துகள் சிப்பின் உள்ளேயே ஒரு குறுக்குப் பாதையைத் திறந்துவிட, மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். லாட்ச்-அப் எனப்படும் இந்த நிலையில் உடனே மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்தால் பிழைக்கும். தாமதித்தால் சிப் வெந்துபோகும். இவை திடீரென நேர்பவை. இவற்றைத் தவிர, ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேரும் கதிர்வீச்சால் சிப் மெல்ல முதுமையடைவதும் உண்டு. ஓரிரு ஆண்டு மட்டுமே வாழப்போகும் தாழ்வான சுற்றுப்பாதைக் கோளுக்கு அது பெரிய கவலை இல்லை. அந்த உயரத்தில் தொல்லை அதிகம் நேரும் இடம் பிரேசிலையும் தென் அட்லாண்டிக் கடலையும் ஒட்டிய வான்பகுதி. பூமியின் காந்தப்புலம் அங்கே நலிந்திருப்பதால் கதிர்வீச்சு வளையம் கீழே இறங்கி நிற்கிறது.

இந்தத் தீங்குகளுக்கு நேரடியான மருந்து முதல் தாளில் இருந்த செயலி. அந்த வகையில் உலகறிந்தது பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ராட் 750. 1998-இல் வெளிவந்த ஐமேக் கணினியில் இருந்த பவர்பிசி 750 செயலியைக் கதிர்வீச்சு தாங்கும்படி திருத்திச் செய்தது அது. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி, 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஆகிய இரண்டு ஊர்திகளையும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியையும் அதுதான் நடத்துகிறது. அதன் வேகம் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியோடு ஒப்பிட்டால் இது மாட்டுவண்டி வேகம் என்று மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனெனில் இந்த வேலைக்கு அந்த வேகமே தாராளம். ஐம்பது லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தில் எது நீர், எது நிலம் என்று பிரிக்க அதற்குச் சில நொடிகள் பிடிக்கலாம். கண்மாய் அதற்குள் எங்கும் ஓடிவிடாது.

ஆகவே, வேகம் குறைவு என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. தள்ள வேண்டிய காரணங்கள் வேறு. அதன் விலை லட்சக்கணக்கான டாலர். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட பொருள் என்பதால், பணமிருந்தாலும் எளிதில் கைக்கு வராது. அந்தக் கணினி அட்டை ஒன்றுக்கே பத்து வாட் மின்சாரம் வேண்டும். பெட்டியின் உடலோடு ஒட்டிய பேனல்களிலிருந்து நம் மாணவர்களுக்குச் சராசரியாகக் கிடைக்கப்போவது அதைவிடக் குறைவு. உள்நாட்டிலும் இந்தத் துறையில் நல்ல முன்னேற்றம் உண்டு. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டீகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகமும் சேர்ந்து செய்த 16 பிட் விக்ரம் 1601 செயலி 2009 முதல் இஸ்ரோவின் ஏவுகலங்களில் இருக்கிறது. அதன் 32 பிட் வழித்தோன்றலான விக்ரம் 3201, பி.எஸ்.எல்.வி. சி60-இல் சோதிக்கப்பட்டு 2025 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்திலிருந்து இஸ்ரோவுக்காக ஐரிஸ் என்ற செயலியும் வந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்திகளே. ஆனால் இவை ராக்கெட்டுக்கும் பெரிய திட்டங்களுக்கும் என்று வகுத்துச் செய்யப்பட்டவை. இறுதியாண்டு மாணவன் பட்டியலிட்டு வாங்கி வந்து, இணையத்தில் கிடைக்கும் நிரல்களைப் போட்டு மறுநாளே ஓட்டிப் பார்க்கும் பொருள்கள் அல்ல. பழகக் கிடைக்காத கருவி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதைக் கையாள்பவரின் தவறுகள் குறையாது.

இரண்டாவது தாள், சாதாரணச் செயலி. விலை சில ஆயிரம் ரூபாய், மின்சாரச் செலவு ஓரிரு வாட், லினக்ஸ் இயங்குதளம் ஓடும், கேமராவுக்கான மென்பொருள் ஆயத்தமாக இருக்கிறது. இந்த வழியில் முன்னோடிகளும் உண்டு. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி20-இல் போன ஸ்ட்ராண்ட்-1 என்ற பிரிட்டிஷ் கோளுக்குள் நெக்சஸ் ஒன் கைபேசி ஒன்று இருந்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் நாசா தன் போன்சாட்களை அனுப்பியது. அலெக்சாண்டர், கிரகாம், பெல் என்று பெயரிடப்பட்ட அந்த மூன்றும் ஒரு வாரம்போலச் சுற்றிவிட்டு வளிமண்டலத்தில் எரிந்தன, அதற்குள் படங்களை அனுப்பி வேலையை முடித்துவிட்டன. அவற்றில் இருந்த ஒரு சிறிய ஏற்பாட்டை மாணவர்கள் கவனிக்கவில்லை. ரேடியோவிலிருந்து சமிக்ஞை நின்றுபோனால் கைபேசியை ரீஸ்டார்ட் செய்வதற்கென்றே தனியாக ஒரு சுற்று வைத்திருந்தார்கள்.

சாதாரணச் சிப்பை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2011 நவம்பரில் ஏவப்பட்ட ரஷ்யாவின் போபோஸ்-கிரண்ட் கலத்தைச் சொல்வார்கள். செவ்வாயின் நிலவுக்குப் போக வேண்டிய அது பூமியைச் சுற்றும் பாதையை விட்டே நகரவில்லை. 2012 ஜனவரியில் பசிபிக் கடலில் விழுந்தது. கணினியில் இணையாக ஓடிய இரண்டு தடங்களும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனதையும், விண்வெளித் தரத்துக்கு உட்படாத நினைவகச் சிப்புகளைத் துகள்கள் தாக்கியிருக்கலாம் என்பதையும் விசாரணைக் குழு காரணமாகக் கூறியது. அந்த முடிவை எல்லா வல்லுநரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் இரண்டு தடமும் சேர்ந்து விழுந்தன என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மூன்றாவது தாளைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அதற்கு முன் என் சொந்தத் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊருணியின் நீர்மட்டத்தை மணிக்கொரு முறை அளந்து கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கருவி ஒன்றை நானே செய்து படித்துறை ஓரத்தில் பொருத்தினேன். ஐப்பசி மழை வலுத்து, தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம் பார்த்துச் செய்தி நின்றுவிட்டது. நான் சென்னையில் இருந்தேன். ஒரு பொத்தானை அழுத்துவதற்காக நானூறு கிலோமீட்டர் வந்தேன். அழுத்தியதும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து ஓடியது.

கருவியில் வாட்ச்டாக் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய அவமானம். வாட்ச்டாக் என்பது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணி. நிரல் குறித்த இடைவெளிக்குள் வந்து அதைத் தொட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வராவிட்டால் நிரல் எங்கோ சிக்கிவிட்டது என்று பொருள், உடனே கணினியை ரீசெட் செய்துவிடும். அந்தத் தொடுதலை நான் பின்னணியில் நொடிக்கொரு முறை தானே ஓடும் ஒரு சிறு பகுதியில் எழுதிவைத்திருந்தேன். முதன்மை நிரல் மோடத்தின் பதிலுக்காக முடிவில்லாமல் காத்துக்கிடந்தபோதும் அந்தப் பின்னணிப் பகுதி தவறாமல் ஓடி எண்ணியைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. திருடன் கொல்லைப்புறம் புகுந்து அள்ளிக்கொண்டிருக்க, கூர்க்கா வாசலில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்த கதை. அன்று என்னைக் கவிழ்த்தது கதிர்வீச்சும் இல்லை, மழையும் இல்லை. நான் எழுதிய இரண்டு வரிதான். ஊருணிக்கு நானூறு கிலோமீட்டர் கடந்து வர முடிந்தது. 500 கிலோமீட்டர் உயரத்துக்கு எந்தப் பேருந்தும் கிடையாது.

மூன்றாவது தாள் கணக்களவில் மிகவும் கவர்ச்சியானது. ஒரு கணினி தவறான விடை தரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு ஒரே வேளையில் தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று அளவுக்கு இறங்கிவிடும். துகள் தாக்கிப் பிட் புரள்வது போன்ற தற்செயல் தவறுகளுக்கு இது முற்றிலும் பொருந்தும், ஏனெனில் ஒரே துகள் மூன்று பெட்டியையும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் அடிப்பதில்லை. ஆனால் தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை எவரும் இதை நொடியில் சொல்லிவிடுவார்: ஒரே குறிப்பைப் பார்த்து மூன்று பேர் தனித்தனியே பேரேடு எழுதினால் கூட்டல் தவறு அகப்பட்டுவிடும், குறிப்பிலேயே பற்றை வரவென்று எழுதியிருந்தால் மூன்று பேரேடும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் நடந்தது இதுவே. திசையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவி அதில் இரண்டு இருந்தது. ஒன்று கெட்டால் மற்றது ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டிலும் ஏரியான் 4-இலிருந்து எடுத்துவந்த ஒரே மென்பொருள். புதிய ராக்கெட் பழையதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தபோது, 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்க முயன்று அந்த மென்பொருள் நின்றுபோனது. மாற்றாக இருந்த கருவி அதற்குச் சற்று முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. புறப்பட்டு நாற்பது நொடிக்குள் ராக்கெட் சிதறியது. இதில் மனத்தை உறுத்துவது என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. பழைய வழக்கத்தின்படி ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்க விண்ணோடத்தைச் செய்தவர்கள் இதை முன்னரே உணர்ந்திருந்தார்கள். அதில் ஐபிஎம் நிறுவனத்தின் ஒரே மாதிரிக் கணினிகள் ஐந்து இருந்தன. நான்கில் ஒரே மென்பொருள் ஓடி ஒன்றையொன்று சரிபார்க்கும். ஐந்தாவதில் வேறொரு நிறுவனம் தனியாக எழுதிய மென்பொருள். நால்வரும் சேர்ந்து தவறினால் ஐந்தாமவர் கைப்பற்றுவார் என்ற ஏற்பாடு. அதற்கும் ஒரு விலை உண்டு. 1981 ஏப்ரல் 10 அன்று நடக்க வேண்டிய முதல் பயணம், அந்த நால்வருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே நேரக் கணக்கு நொடியின் சிறு பின்னத்தளவு பிசகியதால் தள்ளிப்போய் 12-ஆம் தேதிதான் நடந்தது. பாதுகாப்புக்கென்று சேர்த்த ஏற்பாடே புதிய தவறொன்றுக்கு இடம் கொடுத்துவிட்டது. மனித உயிர் பயணிக்கும் கலத்தில் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். ஐந்து மாணவர் செய்யும் நான்கு கிலோ பெட்டியில், மூன்று கணினியை ஒரே தாளத்தில் நடத்துவது, அவற்றின் விடைகளை ஒப்பிடும் நடுவர் சுற்றைச் செய்வது, அந்த நடுவரே கெட்டால் என்ன என்று யோசிப்பது, மூன்று மடங்கு மின்சாரத்துக்கு வழிதேடுவது என்று வேலை பெருகி, கேமராவுக்கும் கண்மாய்க்கும் நேரமே மிஞ்சாது. மூன்றையும் எழுதப்போவது ஒரே கை என்பதால் ஏரியானின் தவறுக்கும் கதவு திறந்தே இருக்கும்.

தாளில் இல்லாத நான்காவது வழியை நான்தான் சொன்னேன். புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. செவ்வாயில் பறந்து காட்டப்பட்டது. இன்ஜெனுவிட்டி என்ற சிறிய ஹெலிகாப்டரின் தலைமைக் கணினி, கைபேசிகளில் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப். கீழே தெரியும் தரையை நொடிக்கு முப்பது படம் எடுத்து, எங்கே போகிறோம் என்று கணக்கிடுவது அதன் பங்கு. விசிறிகளைக் கட்டுப்படுத்தும் கையோ வேறு: கார் போன்ற, பாதுகாப்பு முதன்மையான கருவிகளுக்கென்று செய்யப்பட்ட இரண்டு மைக்ரோகன்ட்ரோலர்கள், அதாவது ஒரே சிப்பில் அடங்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிகள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளிருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ என்ற வகைச் சிப் ஒன்று, கதிர்வீச்சைத் தாங்குவது, காவல் இருந்தது. ஒரு கன்ட்ரோலர் தடுமாறினால் மற்றதற்கு மாற்றுவதும், தேவைப்பட்டால் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுப்பதும் அதன் கடமை. அறிவாளியும் வேகமானவனும் ஆனால் அவ்வப்போது மயங்கி விழுபவனுமான ஒருவன் பக்கத்தில், மெதுவான, சலிப்பூட்டும், ஆனால் ஒருபோதும் தூங்காத ஒருவனை உட்கார வைத்தார்கள். 2021 ஏப்ரல் 9 அன்று விசிறிகளை முழு வேகத்தில் சுழற்றிப் பார்க்க முயன்றபோது வாட்ச்டாக் குறுக்கிட்டுச் சோதனையை நிறுத்தியது. பயணம் தள்ளிப்போய் ஏப்ரல் 19 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய ஹெலிகாப்டர் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

இதைக் கேட்ட என் தம்பி மகள், “அப்ப அந்தக் காவலாளி செத்தா என்ன செய்யிறது, பெரியப்பா?” என்றாள். சரியான கேள்வி. காவலாளியை எவ்வளவு சிறியதாக வைக்க முடியுமோ அவ்வளவு சிறியதாக வைப்பதுதான் விடை. லினக்ஸின் லட்சக்கணக்கான வரிகளில் எங்கே என்ன இருக்கிறதென்று எவராலும் முழுதாகப் படித்துவிட முடியாது. முந்நூறு வரிக்குள் அடங்கும் நிரலை ஐந்து பேரும் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துவிடலாம். அந்தக் காவலாளிக்கு எம்எஸ்பி430 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் வரிசையில் எஃப்ராம் என்ற வகை நினைவகம் கொண்டவை கிடைக்கின்றன. மின்னூட்டத்தைச் சேமிக்காமல், படிகத்தின் மின்முனைவு நிலையாகத் தகவலை வைத்திருப்பதால், அந்த நினைவகத்தில் துகள் பட்டுப் பிட் புரள்வது மிகவும் அரிது. காவலாளியின் வேலை நான்கே நான்கு: மின்னோட்டம் அளவைத் தாண்டினால் துண்டித்துக் கொடுப்பது, முதன்மைக் கணினியிடமிருந்து உரிய பதில் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்வது, தொடர்ந்து மூன்று முறை எழாவிட்டால், பூட்டிவைத்திருக்கும் பழைய மென்பொருள் பிரதியிலிருந்து எழுப்புவது, தரையிலிருந்து மூன்று நாள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து தொடங்குவது. “உரிய பதில்” என்பதை அழுத்திச் சொல்கிறேன். உயிரோடிருக்கிறேன் என்று துடிப்பு மட்டும் அனுப்பினால் அது என் ஊருணிக் கருவிதான். கடைசியாக எடுத்த வெப்பநிலை, கடைசியாக முடித்த வேலையின் எண் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். அவை மாறாமல் நின்றால் கணினியும் நின்றுவிட்டது என்று பொருள்.

விழுந்தவுடன் எழுவது என்ற குணம் விண்வெளிக் கணினிகளில் தொடக்கத்திலேயே இருந்தது. 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிக்கொண்டிருந்த அப்பல்லோ 11 கணினியின் மாறும் நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே. தேவையற்ற ரேடார் சமிக்ஞைகள் அதன் நேரத்தைத் தின்ன, 1202 என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப எரிந்தது. ஒவ்வொரு முறையும் அது ரீஸ்டார்ட் ஆகி, முக்கியம் குறைந்த வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கான கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நம் மாணவர்களின் செயலியிடம் அதைவிடப் பல லட்சம் மடங்கு நினைவகம் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் பழக்கத்தை மட்டும் அவர்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு முடிவும் இதோடு பின்னிக்கிடக்கிறது: கணக்கை மேலே செய்வதா, கீழே செய்வதா? ஐம்பது லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு எட்டு பிட் வீதம் நான்கு கோடி பிட். அவர்களுடைய ரேடியோ நொடிக்கு 9,600 பிட் அனுப்பும். ஒரு படம் இறங்க எழுபது நிமிடம். கோள் காரைக்குடி வானத்தைக் கடக்கும்போது பேசக் கிடைப்பது முறைக்கு எட்டுப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கு முறை அளவில். ஆக ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். மேலேயே நீர், நிலம் என்று பிரித்து, புள்ளிக்கு ஒரே பிட் அனுப்பினால் ஒன்பது நிமிடத்தில் முடியும். நீரும் நிலமும் திட்டுத் திட்டாக இருப்பதால் அதையும் சுருக்கி ஒரே கடப்பில் எளிதாக இறக்கிவிடலாம்.

என் ஐயா பர்மாவில் மோல்மேன் கடையொன்றில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். முதலாளி இங்கே, மேலாள் அங்கே. நடுவே கப்பலில் போகும் கடிதம். எவருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்பதை மேலாள் தானே முடிவு செய்வார், அதற்கு மேல் என்றால் ஊருக்கு எழுதிக் கேட்பார். ஐந்தொகை எனும் கணக்கு அறிக்கை தவறாமல் ஊருக்கு வந்து சேர வேண்டும். விண்வெளியிலும் தூரமே அதிகாரத்தைப் பங்கிடுகிறது. நிலவுக்குச் சமிக்ஞை போய்ச்சேர ஒன்றேகால் நொடி ஆகும். ஆயினும் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 முப்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கிய அந்தச் சில நிமிடங்களில் முடிவுகளை எல்லாம் இறங்குகலமே எடுத்தது, பெங்களூரு பார்த்துக்கொண்டிருந்தது. மாறாக, மிகமிகத் தொலைவில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 கலத்தின் நினைவகச் சிப் ஒன்று கெட்டு 2023 நவம்பர் முதல் பொருளற்ற தகவலாக வந்தபோது, மருத்துவம் முழுக்கக் கீழிருந்தே நடந்தது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர மேலும் அவ்வளவு நேரம். கெட்ட இடத்தில் இருந்த நிரலைப் பிரித்து வேறு இடங்களில் வைத்து 2024 ஏப்ரலில் அதை மீட்டார்கள். மாணவர்களின் கோளில் படத்தைப் பிரிப்பது மேலே இருக்கட்டும். எந்த அளவுக்கு மேல் இருண்டிருந்தால் நீர் என்று கொள்வது என்பதைக் கீழிருந்து மாற்றும் உரிமையும், வாரம் ஒரு முழுப் படத்தை இறக்கிச் சரிபார்க்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கட்டும். ஆகாயத்தாமரை மூடிய கண்மாயை அந்தக் கணினி வயல் என்றே எழுதும். முழுப் படத்தைப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

தனிக் கோளே வேண்டாம், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில் கருவியைப் பொருத்தி அனுப்பும் போயம் மேடை போதும் என்ற வழியையும் சொன்னேன். மின்சாரமும் தரைத்தொடர்பும் மேடையே தரும்; 2022 முதல் அது நடக்கிறது. ஆனால் மேடையின் ஆயுள் குறுகியது, பாதையும் நம் விருப்பம் அன்று. ஒரு மழைக்காலம் முழுவதும் கண்மாய் நிரம்புவதைப் பார்க்க உதவாது. கணினியையும் காவலாளியையும் மட்டும் முதலில் அதில் அனுப்பிப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட்டும், 2017-இல் குமரி மாவட்டத்தின் நியூசாட்டும் தனிக் கோளாகவே போயின என்று எதிர்வாதம் செய்கிறார்கள். அவற்றின் பின்னே இருந்த ஆள்பலத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நான்காவது வழியில் மிஞ்சும் பணத்தை எதில் போடுவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மேலே போவதைப் போலவே இன்னொன்றைச் செய்து தரையில் ஓடவிட வேண்டும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அடிக்கடி ரீசெட் ஆனபோது, கலிபோர்னியாவில் இருந்த அதன் இரட்டையில் அதே சிக்கலை வரவழைத்துப் பார்த்தார்கள். முக்கியம் குறைந்த வேலை ஒன்று, முக்கியமான வேலைக்கு வேண்டிய வளத்தைப் பிடித்துவைத்திருப்பதைக் கண்டு, ஒரு சிறு மாற்றத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள். இரட்டை இல்லாதவருக்கு ஊகம்தான் மிஞ்சும். மின்கலம் பற்றிய ஐயங்களுக்கு ஊரிலேயே ஆள் உண்டு: கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மாணவர் விடுதியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது.

அந்த இரட்டை இப்போது எங்கள் வளவில் ஒரு பழைய கணக்கு மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றுப்பாதையில் நேர்வதைப் போல அறுபது நிமிடம் மின்சாரம், முப்பத்தைந்து நிமிடம் மின்கலம் என்று மாறி மாறிக் கொடுக்கிறார்கள். சென்ற வாரம், படம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மெமரி கார்டைப் பிடுங்கினார்கள். முதன்மைக் கணினி அப்படியே உறைந்தது. துடிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. வேலையின் எண் மாறவில்லை. காவலாளி நாற்பது நொடி பொறுத்து மின்சாரத்தைத் துண்டித்தது, கொடுத்தது, மூன்றாம் முறை பழைய பிரதியிலிருந்து எழுப்பியது. கார்டு இல்லாமலே கணினி எழுந்து, கார்டு இல்லை என்று எழுதி அனுப்பியது. ரேடியோவின் கம்பியை இன்னும் எவரும் பிடுங்கிப் பார்க்கவில்லை. அது இந்த ஞாயிற்றுக்கிழமை.